பவர் ஸ்டியரிங் ஹோஸ் கசிவு: ஒயில் ஊற்றிக்கொண்டே ஓடுவது திருத்தமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் வானும் லொறியும் வைத்திருப்போர் பலரிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்தால் ஒரு போத்தல் வாங்கி ஊற்றுவார்கள். மறுபடி குறைந்தால் மறுபடி ஊற்றுவார்கள். சாரதியின் இருக்கைக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு பாதிப் போத்தல் உருண்டுகொண்டிருக்கும். வாடகை வான்கள் வழக்கமாக நிற்கும் இடங்களில் தரையைக் குனிந்து பார்த்தால், முன் சில்லுகள் நிற்கும் பக்கத்தில் செந்நிறமாகவும் கபில நிறமாகவும் படிந்த கறைகள் தெரியும். வேறு சிலர் இதற்கு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்: கசிகிறது என்றதும் பம்பை மாற்றி, பிறகு முன் சில்லுகளைத் திருப்பும் ஸ்டியரிங் ரெக்கைக் கழற்றிச் சீல் போட்டு, பெருந்தொகை செலவழித்த பின்பும் அதே கறையைத் தங்கள் முற்றத்தில் காண்கிறார்கள். இரு தரப்பாரும் செய்யாமல் விட்ட வேலை ஒன்றுதான். ஒயில் எந்த இடத்தில் வெளியேறுகிறது என்பதை யாரும் இருந்து பார்க்கவில்லை. வாகனத் திருத்த வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பார்வையை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எதைத் திருத்துவது, எதைத் திருத்தாமல் மாற்றியே ஆகவேண்டும் என்பவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

முதலில், இது எல்லா வாகனங்களுக்கும் உரிய விடயமன்று. வெகன் ஆர், விற்ஸ், பிரியஸ், அக்வா போன்ற கார்களில் ஸ்டியரிங்கை இலகுவாக்குவது மின்மோட்டார். அவற்றில் ஒயிலும் கிடையாது, ஹோஸும் கிடையாது. அப்படிப்பட்ட காரின் கீழே செந்நிற ஒயில் சொட்டினால் அது வேறிடத்துக் கசிவு. பெரும்பாலும் கியர்பெட்டிப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். நான் பேசுவது ஹயஸ், கரவன் வான்களையும், எல்ஃப், கன்டர் லொறிகளையும், பஸ்களையும், பழைய கார்களையும் பற்றி. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் கதவு மீண்டும் திறந்தது என்பதால், எங்கள் வீதிகளில் ஓடும் இத்தகைய வாகனங்களில் பல, தொழிற்சாலையில் பூட்டிய ஹோஸுடனேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இறப்பருக்கு ஒரு ஆயுள் உண்டு. இயந்திரத்தின் சூட்டுக்கு மேலே, ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையும் சேர்ந்தால் அந்த ஆயுள் இன்னும் குறுகும். இறப்பர் ஹோஸின் இரு முனைகளிலும் இருப்பது இரும்புக் குழாய். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டி நிறுத்தப்படும் வான்களிலும், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றும் லொறிகளிலும் அந்தக் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளிப்பின் அடியில் மறைவாகத் துருப்பிடித்து மெலிந்துபோவதைக் கண்டிருக்கிறேன். வெளியே தெரியும் பகுதி பளபளப்பாக இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் உப்பீரம் தேங்கி அரித்த வளையம் தெரியும்.

கசிவைத் தேடுவதற்கு, ஒயில் போகும் வழியைத் தெரிந்திருக்கவேண்டும். ஒயில் டாங்கியிலிருந்து ஒரு பருத்த ஹோஸ் வழியாக ஒயில் பம்புக்கு இறங்குகிறது. பெல்ட்டினால் சுழலும் பம்ப், அதை உயர்ந்த அழுத்தத்தில் பிரஷர் ஹோஸுக்குள் தள்ளுகிறது. அது ரெக்குக்கோ ஸ்டியரிங் பெட்டிக்கோ போய், வேலையை முடித்து, ரிட்டேர்ன் ஹோஸ் வழியாக, சில வாகனங்களில் முன்பக்கத்தில் வளைத்து விடப்பட்ட குளிரூட்டும் குழாயையும் சுற்றிக்கொண்டு, டாங்கிக்குத் திரும்புகிறது. இந்த மூன்று ஹோஸ்களும் ஒரே கறுப்பு நிறத்தில் இருந்தாலும் அவை தாங்கும் பாரம் ஒன்றல்ல. டாங்கியிலிருந்து இறங்கும் ஹோஸில் அழுத்தமே இல்லை எனலாம். பம்ப் இழுப்பதால் அங்கே உறிஞ்சல்தான் உண்டு. திரும்பிவரும் ஹோஸில் சிறிதளவு அழுத்தம் மட்டும் இருக்கும். பிரஷர் ஹோஸிலோ ஸ்டியரிங்கை ஒரு பக்கத்துக்கு முழுவதுமாக ஒடித்துப் பிடிக்கும்போது 70 முதல் 100 பார் வரையிலும், பாரவாகனங்களில் அதற்கு மேலும் அழுத்தம் ஏறும். ஒரு காரின் டயருக்குள் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஹோஸ் எதைத் தாங்குகிறது என்பது விளங்கும்.

இந்த வேறுபாட்டிலிருந்தே கசிவைப் பிரித்தறியும் முதல் வழி கிடைக்கிறது. இரவு நிறுத்திவைத்த வாகனத்தின் கீழே காலையில் சொட்டுகள் கிடந்து, ஓடும்போது அவ்வளவாகக் கசிவில்லை என்றால், சந்தேகம் டாங்கியின் மீதும் அதன் அடியிலுள்ள ஹோஸ்கள், கிளிப்கள் மீதும் விழவேண்டும். அங்கே ஒயில் தன் பாரத்தினாலேயே இறங்கி வழியும். அதற்கு மாறாக, நிறுத்திவைத்திருக்கும்போது தரை காய்ந்து கிடந்து, இயந்திரம் இயங்க ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் ஒயில் வெளிவந்தால், அது பிரஷர் பக்கத்துக் கசிவு. மூன்றாவதாக ஒன்றுண்டு, அதுதான் பலரை ஏமாற்றுவது. தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பம்ப் முனகுகிறது, டாங்கி மூடியைத் திறந்தால் ஒயில் நுரைத்துப் பாற்சாயத்தில் இருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸின் கிளிப் தளர்ந்து, அல்லது ஹோஸின் வாய் காய்ந்து வெடித்து, ஒயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். இந்த முனகலைக் கேட்டு நல்ல பம்புகள் எத்தனையோ கழற்றி எறியப்பட்டிருக்கின்றன.

கீழே கிடப்பது ஸ்டியரிங் ஒயில்தானா என்பதையும் உறுதிப்படுத்தவேண்டும். வெள்ளைக் காகிதமோ வெளுத்த காட்போட் மட்டையோ ஒன்றை இரவில் வாகனத்தின் கீழே விரித்துவைத்தால் போதும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் காகிதத்தில் காய்ந்து கறையில்லாமல் மறைந்துவிடும். இயந்திர ஒயில் கருங்கபிலமாகப் படியும். றேடியேற்றர் திரவம் பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், எண்ணெய்ப் பிசுபிசுப்பின்றி இருக்கும். எங்கள் வாகனங்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டியரிங்கில் இருப்பது தன்னியக்க கியர்பெட்டிக்கு ஊற்றும் செந்நிற ஒயிலே. புதிதாக இருக்கையில் அது மாதுளம்பழச் சாற்றின் நிறம். பழையதானால் கபிலமாகி, கருகிய வாடையும் வரும். தன்னியக்க கியர் உள்ள வாகனமானால் கியர்பெட்டிக் கசிவும் இதே நிறத்தில் இருக்கும் என்பதால், சொட்டு விழும் இடத்தையும் ஸ்டியரிங் டாங்கியின் மட்டத்தையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

அடுத்ததாக, கசிவிடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. ஒயில் நனைத்திருக்கும் இடமே ஒயில் வெளிவந்த இடம் என்று எண்ணுவதுதான் இதில் நிகழும் பெரும்பிழை. மேலே கசிந்த ஒயில் குழாய் வழியே ஓடி, தாழ்வான மூலையில் தேங்கிச் சொட்டும். ஓடும் வாகனத்தின் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளிப் பரப்பும். ஆகவே, முதலில் கழுவவேண்டும். இயந்திரம் ஆறியபின், எண்ணெய்ப்பிசுக்கு நீக்கியைத் தெளித்துத் தேய்த்துக் கழுவி, பெல்ட்டிலும் அல்டனேற்றரிலும் தண்ணீர் படாமல் பார்த்து, துணியால் துடைத்துக் காயவிடவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இறப்பரை இளக்கும், சூடான இடத்தில் தீயும் பற்றும், எனவே வேண்டாம். டாங்கியில் ஒயிலைக் குறித்த மட்டத்துக்கு நிரப்பி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்கு அண்டைகொடுத்து, ஒருவர் இயந்திரத்தை இயக்கி ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் ஒடிக்க, மற்றவர் டோர்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவரவேண்டும். முழு ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடாது. பம்ப் சூடேறிக் கெட்டுவிடும்.

பிரஷர் ஹோஸில் அதிகம் கசிவது நடுப்பகுதி என்று நினைப்போர் உண்டு. என் அனுபவத்தில் பெரும்பாலும் கசிவது இறப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் நெரித்துப் பூட்டிய அந்த உலோகக் கழுத்துப்பட்டியில்தான். இறப்பர் சூட்டில் இறுகிச் சுருங்க, பட்டியின் பிடி தளர்கிறது. கண்ணுக்கு அது உடனே தெரியாது. துடைத்துக் காய்ந்த பட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஸ்டியரிங் நேராக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. முழுவதுமாக ஒடித்த கணத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய செந்நிற வளையம் ஒன்று ஊறி, அடிப்பக்கத்தில் திரண்டு, ஒரு சொட்டாகி நிற்கும். ஸ்டியரிங்கை விட்டதும் அது பெருகுவது நின்றுவிடும். இதைக் கண்ணால் கண்டபிறகு வேறு எதையும் கழற்றத் தேவையில்லை. பட்டி காய்ந்திருந்தால், பம்பின் தலையில் ஹோஸைப் பூட்டும் துளையுள்ள போல்ட்டையும் அதன் இருபுறச் செம்பு வொஷர்களையும், ரெக் பக்கத்து நட்டினுள் இருக்கும் ஓ-ரிங்கையும் பார்க்கவேண்டும். இவை ஹோஸின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லாத சில்லறைச் சாமான்கள். அதன்பின்தான் பம்பின் தண்டுச் சீல். பம்பின் கப்பிக்குப் பின்னால் ஒயில் வட்டமாகத் தெறித்திருந்தால் அதுதான். ரெக்கின் இரு முனைகளிலுமுள்ள மடிப்பு இறப்பர் உறைகளை இலேசாக விலக்கிப் பார்த்து, உள்ளே ஒயில் தேங்கியிருந்தால் ரெக்கின் சீல் போய்விட்டது என்று அறியலாம். உறைகள் காய்ந்திருக்கும் நிலையில் ரெக்கைக் கழற்றச் சொல்லும் எவரிடமும் காரணம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

என் அயலவர் ஒருவரின் வான் கதை இதற்குப் பொருத்தமானது. அவர் உவர்மலையிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். ஒயில் குறைகிறது என்று ஒரு கராஜுக்குக் கொண்டுபோக, பாவித்த பம்ப் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வரவழைத்துப் பூட்டப்பட்டது. கசிவு நிற்கவில்லை. ரெக்கும் கழற்றப்பட்டது. அதற்கும் நிற்கவில்லை. என்னிடம் வந்தபோது, முன்பகுதி முழுவதும் ஒயிலும் தூசியும் களிம்பாகப் படிந்திருந்தது. இரண்டு தடவை பாகங்கள் மாற்றப்பட்டும் ஒரு தடவைகூட அது கழுவப்படவில்லை. கழுவி, மட்டை விரித்து, இரவு விட்டுவைத்தோம். காலையில் சொட்டு விழுந்திருந்தது டாங்கியின் நேர் கீழே. ரிட்டேர்ன் ஹோஸ் டாங்கியில் ஏறும் வாயில், பழைய கம்பிக் கிளிப் தன் இறுக்கத்தை இழந்திருந்தது. ஹோஸின் வாய் அரை அங்குலத்துக்கு மரக்கட்டைபோல் இறுகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலையில் இருந்தது. அந்த முனையை வெட்டி, நல்ல பகுதியை ஏற்றி, புதிய கிளிப் போட்டதுடன் கசிவு நின்றது. பம்பும் ரெக்கும் பழுதாயிருந்தன என்று அந்தக் கராஜில் இன்றும் சொல்லக்கூடும். பழைய பாகங்களை அவர்கள் திருப்பிக் கொடுக்காததால் அதை இனிப் பார்த்தறிய வழியில்லை.

கசிவைத் தேடும்போது ஓர் எச்சரிக்கையை எல்லோரும் மனத்தில் இருத்தவேண்டும். இயந்திரம் இயங்கும்போது பிரஷர் ஹோஸைக் கையால் தடவிக் கசிவு தேடக்கூடாது. ஊசித்துளை அளவான வெடிப்பிலிருந்து அந்த அழுத்தத்தில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் குத்துப்பட்டதுபோல் ஒரு சிறு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே போன ஒயில் விரலின் தசையை அழிக்கத் தொடங்கிவிடும், தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். அப்படி ஏதும் நிகழ்ந்தால், மருந்து தடவி வீட்டிலிருக்காமல், உடனே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு, அழுத்தத்துடன் ஒயில் ஏறியது என்பதைச் சொல்லிப் போகவேண்டும். அந்த ஒரு தகவல் வைத்தியருக்கு மிக முக்கியம். சந்தேகமான இடத்தைச் சோதிக்க நீண்ட மட்டைத்துண்டைப் பிடித்துப் பார்க்கலாம், கண்ணாடியும் அணிந்திருக்கவேண்டும்.

திருத்தத்துக்கு வருவோம். ரிட்டேர்ன் பக்கத்தையும் உறிஞ்சும் பக்கத்தையும் ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவரும் செய்யலாம். ஹோஸில் மிச்ச நீளம் இருந்தால் கெட்ட முனையை வெட்டிவிட்டு ஏற்றலாம். இல்லையேல் முழுத் துண்டையும் மாற்றவேண்டும். வாங்கும் ஹோஸ் ஒயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கக்கூடியதாக இருப்பது அவசியம். றேடியேற்றர் ஹோஸ், தண்ணீர்க் குழாய், ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் ஆகியவை அளவில் பொருந்தினாலும் சில வாரங்களில் ஊறி உப்பிவிடும். ஸ்டியரிங் ஹோஸ்களுக்கென எஸ்ஏஈ என்னும் வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்த தரங்களில் ரிட்டேர்ன் ஹோஸுக்குரியது ஜே189, பிரஷர் ஹோஸுக்குரியது ஜே188. நல்ல ஹோஸில் இவ்விலக்கம் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்கும், கடையில் கேட்டு வாங்கலாம். கிளிப்பை இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் டாங்கியின் வாய் உடைந்து, சிறு வேலை பெருவேலையாகும்.

பிரஷர் ஹோஸின் விடயம் முற்றிலும் வேறு. வெடித்த இடத்தை வெட்டி, நடுவில் ஒரு குழாய்த்துண்டைச் செருகி, இருபுறமும் ஹோஸ் கிளிப் போட்டுத் தருவதை இந்த ஊரிலேயே கண்டிருக்கிறேன். ரப்பர் பட்டி சுற்றுவதும், இரு கலவைப் பசை பூசுவதும், கழுத்துப்பட்டியைக் குறட்டால் மேலும் நெரிப்பதும் அதே வகை வேலைகள். ஸ்டியரிங் நேராக இருக்கும்வரை இவை நிற்கும். பின்னேரம் சந்தையடியில் நெருக்கத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது, அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் அந்த வேளையிலேயே, கழன்று போகும். அது கழன்றால் டாங்கியிலுள்ள ஒயில் முழுவதும் சில விநாடிகளில் வெளியே பீறும். பக்கத்தில் எக்ஸோஸ்ட் குழாய் பல நூறு பாகை சூட்டில் இருந்தால் தீ பிடிக்கவும் கூடும். எனவே பிரஷர் ஹோஸுக்கு இரண்டே வழிகள். அந்த வாகனத்துக்கென்றே செய்த புதிய ஹோஸை, இரு முனைக் குழாய்களுடன் சேர்த்து வாங்கிப் பூட்டுவது முதலாவது. கிடைக்காதபோது, ஹைட்ரோலிக் ஹோஸ் நெரித்துப் பூட்டும் இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில், பழைய ஹோஸை மாதிரியாகக் கொடுத்து, துருப்பிடிக்காத நல்ல முனைக்குழாய்களில் புதிய இறப்பரை ஏற்றித் தரச்சொல்வது இரண்டாவது.

இரண்டாவது வழியில் ஒரு நுட்பம் உண்டு. டிராக்டருக்கும் மண்வெட்டும் இயந்திரத்துக்கும் பாவிக்கும் கம்பிவலைப் பின்னல் ஹோஸ் இதைவிட வலிமையானதுதான், ஆயினும் விறைப்பானது. ஸ்டியரிங்கின் பிரஷர் ஹோஸ் நூற்பின்னலால் செய்யப்பட்டு, பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சற்றே விரிந்து சுருங்கும்படி அமைந்தது. சிலவற்றின் உள்ளே அதற்கென ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். அதன் இடத்தில் விறைத்த ஹோஸைப் பூட்டினால் கசிவு நிற்கும், ஆனால் ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வும் முனகலும் கேட்கத் தொடங்கும். லொறியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வானிலும் காரிலும் ஸ்டியரிங் ஹோஸுக்குரிய இறப்பரையே கேட்டுப் போடுவது நல்லது. நீளமும் பழையதற்குச் சமமாக இருக்கவேண்டும். குறைந்தால் இயந்திரம் குலுங்கும்போது இழுபடும், கூடினால் எங்காவது உரசும்.

பூட்டும் வேலையில் கவனிக்கவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாங்கியிலுள்ள ஒயிலைச் சிரிஞ்சால் இழுத்தெடுத்து, கீழே தட்டு வைத்து, குழாய் நட்டுக்குரிய ஸ்பனரால் கழற்றவேண்டும்; சாதாரண ஸ்பனர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். செம்பு வொஷரும் ஓ-ரிங்கும் எப்போதும் புதியவையாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்ப் புரிகளில் சுற்றும் வெள்ளைப் பட்டியால் அடைக்கும் இணைப்புகள் அல்ல இவை. அந்தப் பட்டியின் துணுக்குகள் உள்ளே போய் வால்வை அடைத்துவிடும். ஹோஸ் பழையபடி அதே வழியாகப் போகவேண்டும், அதன் கிளிப்களும் வெப்பத் தகடும் திரும்பப் பூட்டப்படவேண்டும். புதிய ஹோஸைப் போட்டுவிட்டு வெப்பத் தகட்டைக் கராஜ் மூலையில் எறிந்துவிடுவதால்தான் பல வாகனங்களில் அடுத்த ஹோஸும் விரைவிலேயே போகிறது.

ஒயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதில் அவசரம் கூடாது. முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் இருத்தி, இயந்திரத்தை இயக்காமலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பலமுறை ஒடிக்கவேண்டும். டாங்கியில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வரவேண்டும். குமிழிகள் ஓய்ந்தபின் இயந்திரத்தை இயக்கி, மெல்லோட்டத்தில் மறுபடி ஒடிக்கவேண்டும். நுரைத்தால் நிறுத்தி, சற்றுநேரம் ஆறவிட்டுத் தொடரவேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் நேரே இயந்திரத்தை இயக்கினால், புதிய ஹோஸுடன் ஒரு காய்ந்த பம்ப் சுழலும். பம்புக்கு உராய்வு நீக்குவதும் இதே ஒயில்தான். அடுத்த சில நாட்கள் காலையில் மட்டத்தைப் பார்ப்பதும் இதன் பகுதியே. மூடியில் சூடான நிலைக்கும் ஆறிய நிலைக்கும் வேறுவேறு கோடுகள் இருக்கும். அவற்றைக் குழப்பி அளவுக்கு மேல் ஊற்றிவிட்டு, மூடி வழியாக வழிவதைக் கசிவென்று எண்ணி வருவோரும் உண்டு.

எந்த ஒயில் என்பதை வாகனத்தின் மூடியோ கைநூலோ சொல்லும். பல யப்பானிய வாகனங்களுக்கு டெக்ஸ்ரன் வகைச் செந்நிற ஒயில் பொருந்தும்; ஹொண்டாவுக்கு அதற்கென்றே உள்ள ஒயில் வேண்டும்; சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிற ஒயில், அதனுடன் செந்நிறத்தைக் கலக்கக்கூடாது. பிரேக் ஒயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றக்கூடாது. ஸ்டியரிங்கின் சீல்கள் அதில் ஊறிக் கெட்டு, ஹோஸ் ஒன்றில் முடிந்திருக்கவேண்டிய செலவு பம்புக்கும் ரெக்குக்கும் பரவும். கசிவு நிறுத்தும் மருந்தென்று போத்தலில் விற்பது சீல்களைச் சற்று உப்பவைக்கும் சாமான். தேய்ந்த சீலில் அது கொஞ்சக்காலம் உதவலாம். வெடித்த ஹோஸுக்கும் தளர்ந்த பட்டிக்கும் அதனால் ஒரு பயனுமில்லை.

சிறு கசிவுதானே என்று ஓடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எந்த ஹோஸ் என்பதைப் பொறுத்தது என்பதாகும். ரிட்டேர்ன் பக்கத்தில் இலேசாக நனைந்திருந்தால், மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, வேலைக்கு நேரம் எடுக்கும்வரை ஓடலாம். பிரஷர் ஹோஸில் சொட்டுக் கட்டினால், அல்லது ஒயில் எக்ஸோஸ்ட் மீதோ பெல்ட் மீதோ விழுந்தால், ஓடக்கூடாது. ஒயில் பட்ட பெல்ட் வழுக்கும், கழன்றும் போகலாம். சில வாகனங்களில் அதே பெல்ட்தான் அல்டனேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. ஒயில் முழுவதும் போனாலும் ஸ்டியரிங் திரும்பும் என்பது உண்மையே, ஆனால் முழுப்பாரமும் கைகளில் விழும். கந்தளாய் நேர் வீதியில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். பிள்ளைகள் நிறைந்த வானுடன் உவர்மலை இறக்கத்து வளைவில் திடீரென்று அப்படி நேர்ந்தால், சாரதி திடுக்கிட்டுத் தடுமாறும் அந்த ஓரிரு விநாடிகளே ஆபத்தானவை.

இதனால் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்காக நாம் எடுக்கும் புகைப் பரிசோதனையில் ஸ்டியரிங் ஹோஸை எவரும் பார்ப்பதில்லை. புகை அளப்பதே அதன் நோக்கம் என்பதால் அதைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே பாடசாலை வான்களில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சங்கங்கள், தவணை தொடங்குமுன் வான் சாரதிகளை அழைத்துக் கதைக்கும் வேளையில், டயர், பிரேக் ஆகியவற்றோடு ஸ்டியரிங் ஒயில் மட்டத்தையும் ஹோஸ்களையும் பார்த்து வரும்படி கேட்கலாம். பொனட்டையோ முன் இருக்கையையோ தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மற்றையது கராஜ் உரிமையாளர்களுக்கு. இவர்களில் நேர்மையான கைகாரர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் என்னுடன் வேலை பழகியவர்கள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். கசிவு வேலைக்கு வரும் வாகனத்தை முதலில் கழுவுங்கள், கழுவும் கூலியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கசியும் இடத்தை உரிமையாளரை அழைத்துக் காட்டிய பின்னரே பாகங்களைக் கழற்றுங்கள். கழற்றிய ஹோஸையும் பம்பையும் ஒரு பையில் போட்டு அவரிடமே கொடுங்கள். பற்றுச்சீட்டில் ஹோஸ் புதியதா, பாவித்ததா, நெரித்துச் செய்ததா என்பதையும், ஊற்றிய ஒயிலின் வகையையும் எழுதிவிடுங்கள்; அடுத்த முறை அந்த வாகனம் வேறொரு கராஜுக்குப் போனாலும் அங்கிருப்பவர் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம். கழற்றி வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் ரின்னில் சேர்த்து, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.